முதுகில் ஒரு ஏரோ

திருப்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிநேகிதி பிடிப்பதற்காக நான் பட்ட பாடு இருக்கிறதே, அதில் பாதி பட்டிருந்தால் ஒரு டிகிரியே வாங்கியிருக்கலாம். கம்பெனி வேனில் ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தேன். தலைவலி என்றவர்களுக்குத் தைலம் கொடுத்தேன். யாராவது சிரித்தால், என்ன விஷயம் என்று தெரியாமலேயே கூடச் சேர்ந்து சிரித்தேன். எல்லோரும் "ரொம்ப நன்றிங்க" என்றார்கள். அத்தோடு சரி.

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை. அங்கே ஒருத்தி உங்களைப் பார்த்து "ஏட்டி, மூஞ்சி என்ன இப்படி இருக்கு?" என்று கேட்டால் அவள் உங்கள் சிநேகிதி. இங்கேயோ அருள்புரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த பனியன் கம்பெனியில் அத்தனை பேரும் என்னை "ங்க" போட்டு மரியாதையில் குளிப்பாட்டினார்கள். எனக்கு அந்த மரியாதை கொஞ்சம்கூட வேண்டியிருக்கவில்லை. ஒருத்தியாவது திட்டமாட்டாளா என்றிருந்தது.

இதில் புரட்டாசி வேறு வந்தது. வீட்டிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட கருவாட்டுத் தொக்கைச் சிநேகிதி பிடிக்கும் கடைசி அஸ்திரமாக வைத்திருந்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் எல்லோருக்கும் நடுவே உட்கார்ந்து, பெருமையாக டப்பாவைத் திறந்து, "எடுத்துக்கங்க" என்று நீட்டினேன். எங்கள் வீட்டில் தவக்காலம் தவிர வேறு விரதம் தெரியாது. மேஜை மெல்லக் காலியானது. ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, "நீங்க சாப்புடுங்க, நாங்க அங்க காத்தாட உக்கார்றமுங்க" என்று அவ்வளவு பணிவாக எழுந்து போனார்கள். எதிர் மேஜையில் வேலை செய்கிறவள் மட்டும் குனிந்து, "ஏனுங்க, புரட்டாசிங்க. நாங்க கவுச்சி தொட மாட்டமுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளும் போய்விட்டாள். மிச்சத் தொக்கை நானே தின்றேன். அழுகையும் காரமும் சேர்ந்து மூக்கில் வந்தது.

அம்மா ஃபோனில் எப்போதும் ஒரே கேள்விதான். "அங்க உனக்கு யாரு இருக்கா?" ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்கு ஆள் தேடுவதாகவும், தீபாவளிக்கு வரும்போது மூட்டை முடிச்சோடு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. சொந்தச் சம்பளம் பிடித்திருந்தது. ஆனால் அம்மாவின் கேள்விக்குப் பதில் இல்லை. யாரும் இல்லாத ஊரில் எத்தனை நாள் சுவரோடு பேசுவது? போய்விடலாம் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன்.

அந்த வாரம் பார்த்து எதிர் மேஜைக்காரி என்னிடம் வந்தாள். "கொளந்தைக்கு மொதப் பொறந்தநாளுங்க. ஞாயித்துக்கெழமை மத்தியானம் ஊட்டுக்கு வந்துருங்க. வரலைன்னா நான் உங்ககூடப் பேசவே மாட்டேனுங்க."

இதுவரை மட்டும் என்ன பேசிக் கிழித்தாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. வேனில் டிரைவரிடம்கூடச் சொன்னேன். எனக்கு அழைப்பு வந்திருக்கிறது!

இந்த இடத்தில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அவளும் செக்கிங். தைத்து வரும் ஒவ்வொரு உருப்படியையும் கழுத்து, தோள், கை, பக்கம், கீழ்மடிப்பு என்று வரிசையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்காவது தையல் விட்டிருந்தால், அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதைத்தான் ஏரோ என்போம். ஏரோ ஒட்டியது எல்லாம் ரிஜெக்ட் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. அது ஆல்டர் பீஸ். தைத்தவரிடமே திரும்பிப் போய், பிழை சரியாகி, மறுபடி நல்ல உருப்படிகளோடு வந்து சேரும். ஏரோ தாள் எப்போதும் ஏப்ரன் பையில் இருக்கும். சனிக்கிழமை கிளம்பும் அவசரத்தில் என் கைப்பைக்குள் ஒன்று வந்துவிட்டது.

ஞாயிறு அன்று இரண்டு பஸ் மாறி, அவள் வீடு இருக்கும் நெருப்பெரிச்சல் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே "வாங்க வாங்க" என்று ஆளாளுக்கு வரவேற்றார்கள். சின்ன வீடு, நிறைய ஆட்கள். குழந்தையின் அப்பா ஒரு கம்பெனியில் டெய்லர். அவருடைய அண்ணன் சாயப்பட்டறை, நகக்கண்ணில் நீலம் போகவே போகாது. மற்றவர்கள் கட்டிங், அயர்னிங், பேக்கிங். மொத்தத்தில் ஒரு பனியன் கம்பெனியே அந்த முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எங்கே கை வைப்பது, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியவில்லை.

உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த என் எதிர் மேஜைக்காரி குரல் கொடுத்தாள். "ஏனுங்க, கட்டலு மேல கவுன் இருக்குதுங்க. எடுத்தாங்க."

ஒரு வேலை கிடைத்ததே என்று தோளில் மாட்டிய கைப்பையோடேயே ஓடினேன். ரோஸ் நிறத்தில், லேஸ் வைத்து, அவ்வளவு அழகான கவுன். கையில் எடுத்தேன். பேச்சுக்கு என்ன சொல்லலாம், எப்படி ஆரம்பிக்கலாம் என்று மனசு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கை தன் வேலையைப் பார்த்தது. கழுத்து, தோள், கை, பக்கம், கீழ்மடிப்பு. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளும் அவசரத்தில் மாட்டிவிட்டாள்.

குழந்தை ராணி மாதிரி முன்னறைக்கு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா அதை வாங்கிக் கேக்குக்கு நேராகத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

கவுனின் கீழ்மடிப்பில் சிவப்பாக ஓர் ஏரோ.

எப்போது ஒட்டினேன்? சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அறையில் அது என்னவென்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. கைதட்டல் நின்றது. பிறகுதான் அடுத்த இடி. சாயப்பட்டறை அண்ணன் மெதுவாகச் சொன்னார். "அந்தக் கவுன் எந்தம்பி டூட்டி முடிஞ்சு வந்து ஒரு வாரமா உக்காந்து தெச்சதுங்களே."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிளக்கவில்லை. சிநேகிதி, பிறந்தநாள், ஊர், வேலை எல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது என்று நினைத்தேன். அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்கூட நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

டெய்லர் குழந்தையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். மடிப்பை வெளிச்சத்தில் திருப்பினார். முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டிங்காரர் எழுந்து வந்து பார்த்தார். அயர்னிங்காரர் வந்தார். பேக்கிங்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். குழந்தை தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிரித்தது.

"கரெக்ட்டுங்க," என்றார் டெய்லர். "தையல் ரெண்டு எடத்துல தாண்டியிருக்குதுங்க. நானு பாக்கவே இல்லீங்க."

உடனே கவுனைக் கழற்றினார். மூலையில் இருந்த மெஷினின் மேல்துணியை விலக்கினார். பிறந்தநாள் குழந்தை ஜட்டியோடு அறை முழுக்கத் தவழ, கேக் காத்திருக்க, அத்தனை விருந்தாளிகளும் சுற்றி நிற்க, அவர் மடிப்பைப் பிரித்து மறுபடி தைத்தார். தைத்து முடித்து, நூலைக் கடித்து, நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "ரீ-செக் பண்ணுங்க."

வாங்கிப் பார்த்தேன். கழுத்து, தோள், கை, பக்கம், கீழ்மடிப்பு. கண்ணாடி போட்ட பேக்கிங்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பாஸுங்க," என்றேன்.

அவ்வளவுதான், வீடே அதிர்ந்தது. சாயப்பட்டறை அண்ணன் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த மிக்சர் கொட்டியது. "நம்ம கொளந்தைதான் இந்த ஊர்லயே செக்கிங் பாஸான மொதக் கொளந்தைங்க!" என்றார். என் எதிர் மேஜைக்காரி சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கருவாட்டுக்கு அப்புறம் இதுங்களா!" என்று கண்ணைத் துடைத்தாள். "உங்களைக் கம்பெனில எடுத்தப்ப ஒருத்தரும் செக் பண்ணலீங்களா?"

ஆகா! திட்டிவிட்டாள்! எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பேக்கிங்காரர் தன் சட்டையைக் காட்டி, "எனக்கும் பாருங்க" என்றார். பட்டன் தொங்கியது, ஏரோ ஒட்டினேன். அயர்னிங்காரரின் வேட்டியில் மடிப்பு சரியில்லை, ஒட்டினேன். சாயப்பட்டறை அண்ணன் தொப்பையை முன்னே தள்ளி நின்றார். "அளவு கூடியிருக்குதுங்க" என்று தொப்பைக்கு நடுவில் ஒட்டினேன். அவர் மனைவி, "இந்த பீஸை ஆல்டர் பண்ணவே முடியாதுங்க, நானும் பல வருசமாப் பாக்கறேன்" என்றார். கேக் ஒரு பக்கம் சரிந்திருந்தது, அதற்கும் ஒன்று. நாங்கள் அரிசிபருப்பு சாதம் சாப்பிட உட்கார்ந்தபோது, குழந்தையையும் என்னையும் தவிர அங்கே ஏரோ இல்லாத ஆளே இல்லை. நெய்யை நான் வேண்டாம் வேண்டாம் என்றும் மூன்று பேர் ஊற்றினார்கள். வயிறு சாப்பாட்டால் நிறைந்ததா சிரிப்பால் நிறைந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

நாலு மணிக்கு எதிர் மேஜைக்காரி பஸ் ஸ்டாப் வரை வந்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரோணுமுங்க," என்று முதுகில் தட்டி ஏற்றிவிட்டாள். முதுகில் கை கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

டவுன் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். முன்னே கம்பியைப் பிடிக்க நான் சாய்ந்தபோது என் முதுகைப் பார்த்தார். கொஞ்ச நேரம் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"ஏனுங்க, உங்க முதுகுல ஏரோ ஒட்டியிருக்குதுங்க. ஆல்டருங்களா, ரிஜெக்ட்டுங்களா?"

இந்த ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூட ஏரோ என்றால் என்னவென்று தெரிகிறதே! கையைப் பின்னால் விட்டுத் துழாவினேன், எட்டவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. முதலில் எனக்கு, பிறகு அவருக்கு. நடந்ததையெல்லாம் கருவாட்டிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவர் ஏதோ கம்பெனியில் டெய்லர் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கும் கைமடிக்கிறவராம், தொப்பைக் கதையில் கண்ணீரே விட்டுவிட்டார்.

"எடுத்துரட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. இருக்கட்டுங்க," என்றேன். "ஆல்டர் பீஸுதானுங்க நானு."

அப்போது ஃபோன் அடித்தது. பஸ் சத்தத்தில் காதில் விழாதென்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏட்டி, என்ன முடிவு பண்ணுன? கடைக்காரரு கேக்காருல்லா?"

"தீபாவளிக்கு வாரேம்மா. ஆனா லீவு முடிஞ்சதும் திரும்பிருவேன். கடைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு."

"என்னத்துக்குட்டி இந்தப் பிடிவாதம்? அங்க உனக்கு யாரு இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து சீட்டு அக்கா ஃபோனுக்கு நேராகக் குனிந்து, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

"நாங்க இருக்கறமுங்கம்மா!"

அம்மா, "யாருட்டி அது?" என்றாள்.

"தெரியலம்மா," என்றேன். "இனிமதான் பேரு கேக்கணும்."