மூன்றாவது குடிசையில் பொங்கிய பால்

பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு நிலம் யாருடையது என்று கேட்டால் மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா என்று தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். ஆனால் நிலம் விற்பதை எனக்கு முதலில் காட்டியவர் என் பெரியப்பா. அவர் முறை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசி பருப்பில் வந்ததையெல்லாம் நிலத்தில் போடுவார். எண்ணூர் உப்பளங்களுக்கு அப்பால், கழிமுகத்தை ஒட்டிய சேற்று நிலம் ஒன்றைக் கடையையே அடகு வைத்து வாங்கி, மனைகளாகப் பிரித்துக் கல் நட்டார். மழைக்காலத்தில் கற்கள் தண்ணீருக்குள் போய்விடும். அதனால் விற்பனை கோடையில் மட்டும்.

ஆளில்லாத இடத்தை யார் வாங்குவார்கள்? மூன்று ஓலைக் குடிசை போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மாட்டுவண்டியில் எங்களை ஏற்றிப்போய்க் குடித்தனம் நடத்த வைப்பார். முதல் குடிசையில் பெரியம்மா அடுப்பு மூட்டுவாள். இரண்டாவதில் அம்மா துணி துவைத்துக் காயப்போடுவாள். பிள்ளைகள் கூச்சல் போட்டு ஓடவேண்டும், கூலி பொட்டுக்கடலை. மூன்றாவதற்கு ஆள் போதாமல் சும்மா கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஓர் ஊர் பிறந்துகொண்டிருப்பது போலிருக்கும்.

அந்த ஞாயிறு பெரம்பூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர்கள் வாங்காவிட்டால் கடை கைமாறிவிடும் என்பது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். அவர்கள் வந்து நின்றபோது மூன்றாவது குடிசையிலிருந்தும் புகை எழுந்தது.

"பரவால்லியே, அதுக்கும் ஆள் புட்ச்சிட்டியா?" என்றாள் பெரியம்மா, பெரியப்பாவின் காதில்.

"நீ மூட்டலியா?"

வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே இருவரும் இதைப் பேசிக்கொண்டார்கள்.

"அங்க கீறவங்களாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமே, தண்ணி கிண்ணி எப்பிடின்னு" என்றாள் வந்த அம்மாள். பெரியப்பா வேறு வழியில்லாமல் என்னை மூன்றாவது குடிசைக்கு அனுப்பினார்.

உள்ளே மூன்று செங்கல் அடுப்பு, மேலே ஒரு சட்டி. பின்பக்கம் தண்ணீரைப் பார்த்தபடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. கருவாட்டின் மேல் பூப்பது போல அவள் புடவையில் உப்பு பூத்திருந்தது.

"பால் பொங்கிச்சா பாரும்மே" என்றாள், திரும்பாமல்.

நுரை ஏறி விளிம்பில் வழிந்தது. "பொங்கிடிச்சிக்கா."

"அப்போ இது எங்க வூடுதான். உங்க பெரிப்பாவாண்ட சொல்லு."

ஓடி வந்து எல்லோர் முன்னாலும் சொன்னேன். வந்த அம்மாளுக்கு ஒரே பூரிப்பு. "கேட்டியாய்யா? பால் காச்சி குடி வராங்களாம். நல்ல சகுனம். பக்கத்து மனய நமக்கே கேளு." கணவர் வெற்றிலையில் முன்பணத்தை வைத்து நீட்டினார்.

பெரியப்பா கை நீட்டவில்லை. விடுவிடுவென்று மூன்றாவது குடிசைக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். யாருமில்லை, சட்டியும் இல்லை. செங்கற்களைத் தொட்டார். நானும் தொட்டேன். சில்லென்று ஈரமாக இருந்தன. தீய்ந்த பாலின் வாசனை மட்டும் போகவில்லை.

வெளியே வந்து, "இது விக்கிறதுக்கில்ல, நைனா. வூடு போய்ச் சேருங்க" என்றார்.

வண்டியில் பெரியம்மா பொரிந்து தள்ளினாள். "புத்தி கெட்டுப்போச்சா? கட போச்சே! யார்யா அவ?"

"மொத மொத மன வாங்குனவ. பணம் குட்த்துட்டு, பத்திரம் போட்டுக் குடுன்னு அலஞ்சிகினே இருந்தா. மழ முடியட்டும்னேன். அவ நிக்காம, இப்ப மூணாவது குடிச கீற எடத்துல மழயிலயே குடிச போட்டா."

"இப்ப எங்க கீறா?"

பெரியப்பா கழிமுகத்தைப் பார்த்தார். மாட்டை வேகமாக ஓட்டினார்.

இறந்தவர் வாங்கிய சொத்தை மாற்ற வாரிசுச் சான்றிலிருந்து எல்லாவற்றுக்கும் விதி உண்டு. இறந்தவரே நேரில் வந்து பால் காய்ச்சி அனுபோகத்தை நிரூபித்தால் என்ன செய்வது என்பதற்கு, நான் ஓய்வு பெறும்வரை சுற்றறிக்கை வரவில்லை. அந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் அடுக்கியிருக்கிறார்கள். கடை, அடுத்த மழைக்கு முன்பே போய்விட்டது.

அன்று வீட்டு வாசலில் பெரியப்பா எங்களை நிறுத்திவிட்டார். யாரும் உள்ளே போகக்கூடாது. குழாயடியில் ஒவ்வொருவர் தலையிலும் துணியோடு தண்ணீர் ஊற்றினார். கடைசியில் சட்டையோடு நின்று தன் தலையிலும் ஊற்றிக்கொண்டார்.

உப்புச் சேறு போகத்தான் குளிப்பாட்டுகிறார் என்று நினைத்து, இன்னொரு குடம் கேட்டேன்.