வெளியூர் போகாதவர்

எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டுதான். மறதி வேறு, முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். அந்த நாட்களைப் பற்றிப் பெண்களும் சொல்ல வேண்டும் என்று புத்தகம் போடுகிறவர்கள் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூர் பெரிய கடை வீதிக்குப் பக்கத்துச் சந்தில் பட்டன், ஜிப், லேஸ் விற்கிற கடை. தொண்ணூறுகளில் ஊரில் கலவரம் வந்துபோன பிறகு எங்கள் தெருக்களில் பையன்களைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தாய்மார்கள் அழுதுகொண்டு கடைக்கு வருவார்கள். இவர் பட்டன் டப்பாக்களை ஒதுக்கிவிட்டு மனு எழுத உட்கார்ந்துவிடுவார். சிங்காநல்லூரில் மில் வேலை பார்த்த ஒருவர், கிறிஸ்தவர், யூனியனில் இருந்தவர், சைக்கிளில் வந்து அதை டைப் அடித்துக் கொடுப்பார். பையனைப் பிடித்தது சரி, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்பதுதான் எல்லா மனுவிலும் இருக்கும். இரண்டு பேரும் செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஒரு நாள் மதியம் இரண்டு பேரையும் கடையிலிருந்தே ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள். மறுநாள் சிறையில் இருந்தார்கள். தடுப்புக் காவல் என்றார்கள். அப்படியென்றால் என்ன என்று வக்கீலிடம் கேட்டேன். இனிமேல் ஏதாவது செய்துவிடுவார் என்று முன்கூட்டியே உள்ளே வைப்பது, ஒரு வருஷம் வரைக்கும் வைக்கலாம், வழக்கு நடத்த வேண்டியதில்லை என்றார். பட்டன் விற்கிற ஆள் இனிமேல் என்ன செய்துவிடுவார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்த நேரத்தில் எங்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு மேட்டுப்பாளையம், பாக்கு வியாபாரம். மாப்பிள்ளைக்குச் சவுதியில் வேலை. லீவில் வந்தவர் லீவு முடிந்தால் போயாக வேண்டும். தேதியை மாற்ற வழியில்லை.

வக்கீலிடம் போய், கல்யாணத்துக்கு மட்டும் ஜாமீன் கேளுங்கள் என்றேன். ஜாமீன் கேட்க வழக்கு ஒன்று இருக்க வேண்டும், இவர் மேல் வழக்கே இல்லையே என்றார். சிறை ஆபீஸில் போய்ப் பரோல் கேட்டேன். அது தண்டனைக் கைதிக்கு, இவர் தண்டனைக் கைதி இல்லை என்றார் அங்கிருந்த எழுத்தர். வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதானே என்று மனதுக்குள் கேட்டேன். மெட்ராசுக்கு எழுதிப் போடுங்கள், அரசாங்கம் மனது வைத்தால் உண்டு என்றார். எழுதிப் போட்டோம்.

சிறைக்கு என்னோடு மில்காரரின் சம்சாரமும் வருவார். அவருக்கு என்னைப் போலக் கூச்சம் கிடையாது. எழுத்தர் காதில் விழும்படியே சொன்னார்:

“ஏனுங்க்கா, நம்மூட்டுக்காரங்க பேசாம ஆளுக்கொரு சைக்கிளத் திருடிப்போட்டுப் போயிருக்கலாமுங்க. இந்நேரம் ஜாமீன்ல ஊட்டுக்கு வந்து சோறு தின்னுட்டிருப்பாங்க.”



எங்களில் நிக்காஹ் என்றால் பெண்ணைப் பெற்ற அத்தாதான் பெண்ணைக் கொடுக்க வேண்டும். அவர் வர முடியாவிட்டால் இன்னாருக்குப் பொறுப்பு கொடுக்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். இவருடைய தம்பி இருக்கிறாரே, அவர் பொறுப்பில் நடத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார், அத்தா உயிரோடு இருக்கும்போது அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் நல்லது என்றார்கள். அது நியாயம்தான். ஜமாத் செயலாளரோ, அந்த வார்த்தையை இரண்டு ஆண்கள் காதால் கேட்டு வந்து சொல்ல வேண்டும் என்றார். நான் கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன். பெண்கள் சொன்னால் பின்னால் பேச்சு வரும் என்றார்.

சரி, ஆண்களைத் தேடினேன். கொழுந்தனார், சிறை வாசலில் மஃப்டி போலீஸ் நின்று பேர் எழுதுகிறார்கள், எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்றார். பந்தலில் நின்று பெண்ணைக் கொடுக்கத் தயார், சிறை வாசலுக்கு வரத் தயாரில்லை. செயலாளருக்கு முழங்கால் வலி. இன்னொரு சொந்தக்காரர் பெருந்துறையில் சரக்கு எடுக்கப் போக வேண்டும் என்றார். அந்த வாரம் பூராவும் தினமும் போனார். யாருக்காவது ஒரு கஷ்டம் என்றால் இவர் கடையைப் போட்டுவிட்டு ஓடினார். இவருக்கு என்று வரும்போது தெருவே பெருந்துறைக்குப் போய்விட்டது. எனக்குச் சலித்துப் போயிற்று. பாத்திரத்தைத் தேய்க்கும்போதெல்லாம் அவர்களைத்தான் தேய்த்தேன்.

இதை மில்காரர் சம்சாரத்திடம் பஸ்ஸில் வைத்துச் சொன்னேன். இறங்கும்போது கேட்டார்:

“நம்ம கூட மனு பாக்கறதுக்கு வரிசைல நிக்கறாங்களே, அவங்கள்லாம் ஆம்பளைங்க இல்லீங்களா?”

எனக்கு அது தோன்றவே இல்லை. சிறையில் உள்ளவர்களைப் பார்ப்பதை மனு பார்ப்பது என்பார்கள். அவரவர் ஆளை அவரவர் சொந்தக்காரர்தான் பார்க்கலாம். ஆனால் எல்லோரையும் ஒரே கூடத்தில்தான் நிறுத்துவார்கள். வரிசையில் உக்கடத்து மீன்காரர் ஒருவர் இருந்தார். அத்தர் விற்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். இரண்டு பேருடைய பையன்களும் உள்ளே. இரண்டு பேருக்கும் இவர்தான் மனு எழுதிக் கொடுத்தவர். எனக்கு வெட்கமாக இருந்தது. மில்காரர் சம்சாரமே போய்க் கேட்டார். மீன்காரர் சிரித்துவிட்டார்.

“எம் பேரத்தான் வாராவாரம் எழுதறானுங்களே அம்மா. இனி எதுக்குங்க பயப்படறது?”

அந்தக் கூடத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு கம்பி வலை, நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். சோப்பு வந்ததா என்று கேட்டால் பக்கத்து ஆள் வந்தது என்று பதில் சொல்வார். இந்தச் சத்தத்தில் இவரிடம் விஷயத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. புரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. என் மகளை நான் கொடுக்கிறேன் என்பதற்கும் சாட்சியா என்றார். நேரம் போகிறது, சொல்லுங்கள் என்றேன். அதை மட்டும் நான் கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன்.

மீன்காரர் சந்தைக் குரலில், எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்கப்பா, ஒரு நிக்காஹ் விஷயம் என்றார். கூடம் அப்படியே அடங்கிவிட்டது. அங்கே அமைதியை அன்றைக்குத்தான் கேட்டேன். இடைவெளியில் நின்ற வார்டர், என்ன கலாட்டா என்று வந்தவர், விஷயம் தெரிந்ததும் சீக்கிரம் முடிங்கய்யா என்று திரும்பி நின்றுகொண்டார்.

இவர் தொண்டையைச் செருமினார். தன் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு என்று ஆரம்பித்தார். பழக்கதோஷம். பக்கத்தில் நின்ற மில்காரர் முழங்கையால் இடித்தார்.

“ஏப்பா, கலெக்டருக்கு மனுவா எழுதற? புள்ளையக் குடுப்பா.”

வலைக்கு இரண்டு பக்கமும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அப்புறம் சொன்னார்:

“எம் மகளை நிக்காஹ் செஞ்சு குடுக்கறதுக்கு எந் தம்பிக்குப் பொறுப்புக் குடுக்கறேனுங்க. எனக்கு முழுச் சம்மதமுங்க.”

அத்தர் பெரியவர் கேட்டோம் என்றார். மீன்காரரும் கேட்டோம் என்றார். நாங்கள் கேட்கச் சொல்லாதவர்களும் கேட்டோம் என்றார்கள்.

நிக்காஹ் நடந்தது. மீன்காரரும் அத்தர் பெரியவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சபையில் சொன்னார்கள். செயலாளர் ஏற்றுக்கொண்டார். முழங்கால் அன்றைக்கு வலிக்கவில்லை. ஆனால் மைக்கில் அறிவிக்கும்போது, மணமகளின் தகப்பனார் வெளியூர் சென்றிருப்பதால் அவருடைய தம்பி பொறுப்பில் என்று சொன்னார். கௌரவமாக இருக்கட்டும் என்று அப்படிச் சொன்னாராம். பெண்கள் பக்கம் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். மில்காரர் சம்சாரம் என் காதில், “டவுன் பஸ்ல போயிட்டு வந்தரலாங்க்கா அந்த வெளியூருக்கு” என்றார். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மகள் மேட்டுப்பாளையம் போன பிறகு மெட்ராசிலிருந்து பதில் வந்தது. கல்யாணத்துக்கு அனுப்ப இயலாது என்று. வருஷம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஹைகோர்ட்டு தடுப்புக் காவல் உத்தரவையே ரத்து செய்தது. இவர் குற்றம் செய்யவில்லை என்பதற்காக அல்ல. விடுதலை கேட்டு இவர் சிறையிலிருந்து எழுதிய மனுவுக்கு அரசாங்கம் தாமதமாகப் பதில் சொன்னதாம், அதற்காக. மில்காரருக்கும் அப்படியே. வழக்கு நடந்திருந்தால் நிரபராதி என்றாவது ஒரு வார்த்தை கிடைத்திருக்கும். வழக்கே இல்லாததால் அதுவும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் கண்மூடி மௌத்தாகும் வரைக்கும் கடைக்கு வருகிறவர்கள், எத்தனை நாள் வெளியூரில் இருந்தீர்கள் என்று நாசூக்காகக் கேட்டார்கள். நான் வெளியூர் போகவில்லை என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

இதில் சட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை. இரண்டு மூன்று சட்டம் சொல்கிறார்கள், எனக்குக் குழம்புகிறது. ஹைகோர்ட்டு உத்தரவு நோன்புக்கு முன்னாலா பின்னாலா என்பதும் நினைவில்லை. நிக்காஹுக்குச் சம்மதம் சொன்னது மார்க்கப்படி சரியான முறைதானா என்பதையும் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து, தப்பாக இருந்தால் திருத்திப் போடுங்கள். அத்தர் பெரியவரின் குடும்பம் இப்போது எங்கே என்று தெரியவில்லை. மீன்காரரின் மகன் உக்கடத்தில்தான் இருக்கிறான், அவனைக் கேட்டால் சொல்வான். எதைத் திருத்தினாலும் சரி, வெளியூர் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.