திரும்பாத இடக்கண்

என் கண்ணில் ஆபரேஷன் செய்தது பெண் பார்க்க வருகிறவர்களுக்காக. எழுபதுகளில் கொல்லங்கோட்டுப் பக்கம் வயலும் மாடுமாக வாழ்ந்த எங்கள் குடும்பங்களில், மாறுகண்ணோடு பிறந்த குழந்தையை அதிர்ஷ்டம் என்பார்கள். அதே குழந்தைக்கு மாப்பிள்ளை தேடும் வயது வந்துவிட்டால், அதிர்ஷ்டம் என்று சொன்ன வாயே 'ஒன்றரைக் கண்ணி' என்று சொல்லும். என் இடக்கண் காதுப் பக்கமாக ஓடி நிற்கும். பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் அதை இழுத்து நேராக்கினார்கள்.

நேராகத்தான் ஆனது. கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியைப் பார்த்து நானும் பூரித்துப்போனேன், பொய் சொல்வானேன். ஆனால் நடுவில் வந்து நின்ற அந்தக் கண் அதற்கப்புறம் இடப்பக்கம் போகவே மறுத்துவிட்டது. வலக்கண் திரும்பும்; இது ஆணி அடித்த மாதிரி நிற்கும். இடப்பக்கம் எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது.

அப்பாவிடம் சொன்னேன்.

"நேராத்தான இருக்குது அம்மிணி, இன்னும் என்ன நொட்டை சொல்லீட்டிருக்கிற?" என்றார். டாக்டர் மறுபடி கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார். போகவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "வாயை மூடீட்டு சும்மா இரு. ஆபரேசன் பண்ணுன புள்ளைன்னு தெரிஞ்சா எவன் வருவான்?" என்றாள்.

ஒருநாள் வரப்பில் இடப்பக்கமாக வந்த மாட்டுக்கு ஒதுங்கப் போனேன். தெரிந்த இரண்டு மாட்டில் எது நிஜம் என்று புரியாமல் வாய்க்காலில் விழுந்தேன். சேறும் சகதியுமாக வந்து நின்று திரும்பவும் சொன்னேன். பார்த்து நடக்கச் சொன்னார்கள். பார்க்க முடியவில்லை என்றுதானே கரடியாகக் கத்திக்கொண்டிருந்தேன்!

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காபி கொடுத்துவிட்டுக் குனிந்த தலையோடு உட்கார வேண்டும். மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். பெரியவர்கள் அதைக் காணாதது போல இருந்துவிடுவார்கள். அந்த மனுஷன் போயும் போயும் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு மாப்பிள்ளை. கட்டிக்கொள்ளப் போகிறவரை ஒரே ஆளாகப் பார்க்கக்கூட எனக்கு உரிமை கிடையாதா? முகத்தை முழுசாகத் திருப்பி நன்றாகப் பார்த்தேன்.

பேச்சு சட்டென்று நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் கேட்டார்: "ஏனுங்க, புள்ளைக்குக் கூச்சநாச்சமே இல்லீங்களா? மொகத்தத் திருப்பி இந்த மொறை மொறைக்குது!"

வீடு போய்ச் சேர்ந்த கையோடு, வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்காக என் கண்ணை அறுத்தார்கள். அறுத்ததில், பெண் பார்க்கும் அன்று ஒரு பெண்ணுக்கு அனுமதித்திருந்த அந்த ஒரே ஒரு பார்வையும் போயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

அவர்களையாவது மன்னித்துவிடலாம், என்னைத் தெரியாதவர்கள். அப்பாவை எப்படி மன்னிப்பது? நான் வாய்க்காலில் விழுந்தபோது அசையாதவர், சம்பந்தம் தட்டிப்போனதும் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

டாக்டர் மலையாளி. விரலை நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டி, கண் எதுவரை வருகிறது என்று பார்த்தார். கண்ணை ஏதோ கருவியால் பிடித்து அசைத்தும் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"உள்ளே தழும்பு இறுகிப் போயி. முன்னமே கொண்டுவந்திருந்தா இளக்கி விட்டிருக்கலாம். இனி கஷ்டமாக்கும்" என்றார். பிறகு கேட்டார், என்னை அல்ல, அப்பாவை: "ரெண்டாத் தெரியுதுன்னு இத்தன நாள் குட்டி ஒண்ணும் பறஞ்ஞில்லே?"

"புள்ள எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே" என்றார் அப்பா.

அப்பா என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் அந்தப் பக்கம் ஓட்டினேன். இரண்டு அப்பா தெரிந்தார்கள். இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லிவிட்டு, டாக்டரைப் பார்த்துப் பாவமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.