அக்கா எரிக்கவிடாத சருகுகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு எங்கள் அக்கா 'சயின்ஸ் டீச்சர்'. எனக்கோ, தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பிய இன்னொரு அம்மா. அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்றும் குழம்பில் சந்தேகம் வந்தால் அவரைக் கூப்பிடத்தான் போனை எடுக்கிறேன்.

ரேணிகுண்டாவில் பிறந்தவர். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த எங்கள் நைனா (அப்பா) சீக்கிரமே காலமாகிவிட, டியூஷன் எடுத்துத் தானும் படித்து என்னையும் படிக்கவைத்தார் அக்கா. சித்தூரில் ஆசிரியர் வேலை கிடைத்தது. புத்தலப்பட்டில் மாந்தோப்பு வைத்திருந்த மாமாவை மணந்தார்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, சில நாட்களிலேயே போய்விட்டது. தோப்பின் ஓரத்து மாமரத்தடியில் அடக்கம் செய்தோம். அதன்பின் அக்கா அந்தப் பக்கமே போகவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் மாமா வழக்கம்போல் சருகுகளைக் கூட்டிக் கொளுத்தத் தொடங்கினார். புகையைக் கண்டதும் அக்கா வீட்டிலிருந்து ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அந்த மரத்தாண்ட மட்டும் நெருப்பு வெக்காதீங்க."

"வுட்டா கரையான் ஏறிடும்மே. பாம்பு வந்து படுத்துக்கும்."

"வரட்டும். எம் பொண்ணு மேல நெருப்பு வேணாம்."

மாமா தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பள்ளி விட்டு வந்ததும் அக்கா அந்த மரத்தடியில் போய் உட்காருவார். முதலில் அழுதுகொண்டிருந்தார், பிறகு கவனிக்கத் தொடங்கினார். மாவிலை தடித்தது, லேசில் மக்காது. மழை இறங்கியபின் அதன் அடியில் வெள்ளை நூல்போலப் பூஞ்சை படர்ந்தது. பூஞ்சை இளக்கிய இலையை மரவட்டைகள் கடித்துத் தூளாக்கின. அந்தத் தூளை மண்புழுக்கள் மண்ணோடு விழுங்கி வெளியேற்றின. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மிச்ச வேலையைச் செய்தன.

ஒருநாள் மாமாவை அழைத்துச் சருகை விலக்கிக் காட்டினார். மேலே முழு இலை. அதன்கீழ் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. அதற்கும் கீழே, கறுத்துப் பொலபொலவென்று உதிரும் மட்கு. மாமா அதைக் கையில் அள்ளினார்.

"இன்னாமே, இவ்ளோ குளிர்ச்சியா கீது?"

"எத்தினி உசுரு இங்க வேல செஞ்சிக்கினு கீது பாருங்க. பாப்பா தனியா இல்லீங்க."

அதுவரை எங்கள் முன் அழாத மாமா, அந்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். அவர் தோளைப் பிடித்தபடி அக்கா வெகுநேரம் நின்றார். அதன்பின் அந்தத் தோப்பில் யாரும் சருகை எரிக்கவில்லை.

அக்காவின் கடைசி மாதங்களில் திருப்பதி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். எத்தனை வலியிலும் பக்கத்துப் படுக்கைக்காரர் சாப்பிட்டாரா என்று விசாரிப்பார். "பயமா கீதாக்கா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"பயம் இல்லடி. நான் இல்லன்னா அவரு ஒழுங்கா துன்ன மாட்டாரு. அதான் ரோசனை."

அக்காவைத் தாயைப்போல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எந்த நேரம் அழைத்தாலும் காரோடு வந்து நின்ற பக்கத்துத் தோப்புக்காரருக்கும், இறுதி யாத்திரையில் தோள் கொடுத்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

மாமாவுக்கும் நன்றி எழுதப் போகிறேன் என்று சொன்னேன். கோபித்துக்கொண்டார்.

"எனக்கு எதுக்கும்மா? அவளப் பத்தி எழுது, போதும்."

எழுதிவிட்டேன், மாமா. வந்து சாப்பிடுங்கள்.