நாலாவதாக நிற்க ஓர் ஆள்

மூன்று பேராக நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் கூடாது என்று கேட்டால் வீட்டுக்கு வீடு ஒரு காரணம் சொல்வார்கள். நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பார் ஒருவர், மூவரும் பிரிந்துபோவார்கள் என்பார் இன்னொருவர். கூடாது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே கிடையாது. கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நம் பிள்ளைகளும் அப்படித்தான். நாளைக்கு வகுப்பில் நின்று அறிவியல் நடத்தப் போகிறவர்கள்! ஆனால் கேமராவுக்கு முன்னால் மூன்று பேர் நின்றுவிட்டால் போதும், "ஐயோ, மூணு பேரு! யாராச்சும் ஒருத்தர் வாங்க லா!" என்று அலறுவார்கள்.

அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் ஓடிவந்து ஓரத்தில் நின்றவள் சீதாலெட்சுமி. கிள்ளான் பக்கம் பண்டமாரான் என்ற ஊர்ப் பெண். தமிழ்க் கழகத்தில் எந்தப் பதவியும் அவளுக்கு இல்லை. ஆனால் எந்த நிகழ்ச்சி என்றாலும் நாற்காலி போட, தண்ணீர் எடுத்துவைக்க, கடைசியில் மண்டபத்தைக் கூட்ட அவள்தான். எப்போதும் பக்கத்திலேயே இருப்பதால் நாலாவது ஆள் என்றால் அவள் பெயர்தான் முதலில் வரும். வந்து நிற்பாள். க்ளிக் என்றதும் போய்விடுவாள்.

படம் எடுத்தவள் ரம்லத். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த யூனுஸின் மூத்த மகள். கழகத்தின் ஆண்டு மலருக்கு அவள்தான் படப் பொறுப்பாளர். படம் எடுப்பது, பொறுக்குவது, எந்தப் பக்கத்தில் எந்த அளவில் போடுவது என்று குறித்துக் கொடுப்பது எல்லாம் அவள் பாடு. கொஞ்சம் முன்கோபி. வேலை என்று வந்துவிட்டால் பிடித்த பிடியை விடமாட்டாள். கடையில் சேலைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி, தெருவில் இறங்கி நின்று பார்த்து, மறுபடி கலைத்து அடுக்கிப் பழகியவள். எதை முன்னால் வைத்தால் கண் போகும் என்பது அவளுக்குச் சோறு தண்ணீர் மாதிரி.

மலர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்து மாடியில் உருவாகும். அங்கேதான் ஒரு சிக்கல். பக்கத்தின் ஒரு பத்தியில் மூன்று பேர் அழகாக அடங்குவார்கள். நாலாவது ஆள் அடங்கமாட்டார். முதல் வருடமே ரம்லத் தயங்கினாள்.

"நாலாவது ஆள வெட்டினா மறுபடி மூணு பேரால்ல ஆயிடுது?"

கழகத் தலைவனும் மலராசிரியனுமான தியாகராஜன் தீர்ப்புச் சொன்னான்: "எடுக்கிறப்போ நாலு பேரு நின்னாங்களா இல்லையா? தோஷம் அப்பவே போச்சு. இப்போ வெட்டுறது வெறும் பேப்பர் லா."

இந்த மூளையை வைத்துக்கொண்டு அவன் ஏன் வாத்தியார் வேலைக்கு வந்தான், வக்கீலுக்கல்லவா படித்திருக்க வேண்டும்! எல்லாருக்கும் அது சரி என்றே பட்டது. ரம்லத்தும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டாள். அச்சகத்தில் கோட்டோடு வெட்டிவிட்டார்கள். முதல் வருட மலரில் சீதாலெட்சுமி எங்கேயும் இல்லை.

மறு வருடம், 1986 தீபாவளிக்கு, சீதா ரம்லத்தை வீட்டுக்குக் கூப்பிட்டாள். ரம்லத் பண்டமாரானுக்குப் பஸ் ஏறிப் போனாள். சீதாவின் அப்பா வேலாயுதம் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். பெரிய ஆகிருதி, மெல்லிய குரல்.

"சாப்பிடும்மா, யோசிக்காதே. கோழி உங்க ஆளுங்க கடையிலதான் வாங்குனேன்," என்று அவரே பரிமாறினார்.

சாப்பிட்டு முடித்ததும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே முதல் வருட மலர். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பிரித்தார். பட்டிமன்றத்தில் கோப்பை வாங்கிய மூவர் நிற்கும் பக்கம். படத்தின் இடது ஓரத்தில், ஒருத்தியின் தோளுக்குப் பின்னால், ஒரு முழங்கையும் வளையலும் தெரிந்தன.

"இந்தக் கை நம்ம பாப்பாவோடது. வளையலப் பாரு, நான் வாங்கிக் குடுத்தது. வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவேன்."

ரம்லத் கடித்த முறுக்கைத் தட்டில் வைத்தாள்.

"நீதான் படம் எடுக்கிற பிள்ளையாமே? நல்லா எடுத்திருக்கம்மா. அந்த அச்சாபீஸ்காரனுங்கதான் கவனமில்லாம வெட்டிப்புட்டானுங்க. இந்தத் தடவ கொஞ்சம் பார்த்து வெட்டச் சொல்லும்மா. இந்த வருசம் முகம் வந்துடும்னு பாப்பா சொல்லியிருக்கு."

அடுப்படியில் நின்ற சீதா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ரம்லத் "சரிங்க அங்கிள்" என்றாள். திரும்பும் பஸ்ஸில் தன்மேல் வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அச்சகத்து மாடித் தரையில் அந்த வருடப் படங்களையெல்லாம் பரப்பினாள். அவர்களுக்கு அது கடைசி வருடம். படிப்பு முடிந்தால் ஆளுக்கொரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். இந்த மலரை விட்டால் வேறு மலர் கிடையாது. ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் சீதா நின்றாள். இந்த முறை வெட்டாமல் போட்டால் போயிற்று என்றுதான் ரம்லத் நினைத்து வந்திருந்தாள். உற்றுப் பார்த்தபோது அது சரிப்படவில்லை. ஒன்றில் சீதா கண்ணை மூடியிருந்தாள். ஒன்றில் பாதி உடம்பு ஏற்கனவே திரும்பியிருந்தது. எல்லாவற்றிலும் 'எப்போது போகலாம்' என்று கேட்கிற முகம். இதைப் போட்டால் வேலாயுதம் சந்தோஷப்படுவார்தான். ஆனால் இது சீதாவே இல்லையே! இரண்டு வருடமாக விடுதியில் கட்டிலுக்குக் கட்டில் கதை பேசிய சிநேகிதியை ரம்லத்துக்குத் தெரியாதா?

கோணலாக விழுந்தவை, இருட்டாக விழுந்தவை என்று ஒதுக்கிவைத்த படங்களையும் கிளறினாள். அதில் ஒன்று கிடைத்தது. இருவரும் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பயிற்சிக்குப் போயிருந்தபோது எடுத்தது. பிலிம் ரோலில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. அதை முடித்தால்தான் கழுவக் கொடுக்க முடியும் என்று, போகிற போக்கில் சீதாவின் வகுப்புப் பின்வாசலில் நின்று ஒன்றைத் தட்டியிருந்தாள். அதை மறந்தும் போயிருந்தாள்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு யானைப் பாடம். கரும்பலகைக்கு முன்னால் சீதா ஒரு கையைத் தும்பிக்கையாக நீட்டி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கீழே வரிசையாகப் பிள்ளைகளின் பின்மண்டைகள். ஒரு முகம்கூடத் தெரியவில்லை; ஆனால் அத்தனை தலையும் அவளைத்தான் பார்க்கின்றன. பின்வரிசையில் ஒருவன் நன்றாகத் தெரியவேண்டும் என்று நாற்காலிமேலேயே ஏறி நிற்கிறான்.

"அல்லாவே, இதையா குப்பையில போட்டு வச்சேன்!" என்று ரம்லத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே சீதாவிடம் காட்டினாள். அவள் பதறிப்போனாள். "வேணாம் லா! பல்லெல்லாம் தெரியுது. எல்லாரும் சிரிப்பாங்க."

"உங்க அப்பாகிட்ட முகம் வரும்னு சொன்னது யாரு?"

சீதா படத்தையே பார்த்தாள். "நான் பாடம் எடுக்கிறப்போ இப்படியா இருக்கேன்?" என்று கேட்டாள். ரம்லத் ஆமாம் என்றாள். "அப்ப சரி," என்றாள் சீதா.

அச்சகத்து மாடியில் தியாகராஜன் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. "முழுப் பக்கமா? ஒரே ஆளுக்கா? அவ என்ன கழகச் செயலவையில இருக்காளா?"

"இல்ல."

"பேச்சுப் போட்டியில ஜெயிச்சாளா?"

"இல்ல."

"வாயத் திறந்துகிட்டு நிக்கிறா! மலர்ல இப்படி யாராச்சும் போடுவாங்களா?"

ரம்லத் அவன் தேர்ந்தெடுத்து வைத்திருந்த படங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரத்தினாள். தியாகராஜன் மாலை போடுகிறான். தியாகராஜன் மாலை வாங்கிக்கொள்கிறான். தியாகராஜன் குத்துவிளக்குப் பக்கத்தில், மைக் பக்கத்தில், பிரமுகர் பக்கத்தில். எல்லாவற்றிலும் அதே கழுத்துப்பட்டை, அதே அரைச் சிரிப்பு.

"இது என்ன காலேஜு, தியாகு?"

"என்ன கேள்வி லா இது? டீச்சர் காலேஜு."

"முழு மலரையும் புரட்டு. எங்கயாவது ஒருத்தர் பாடம் நடத்துறாங்களா? மாலை போடுறோம், மாலை வாங்குறோம். பார்க்கிறவங்க நம்மள பூக்கடை வைக்கப் படிக்கிறோம்னு நெனைப்பாங்க."

அச்சுக் கோத்துக்கொண்டிருந்தவர் குனிந்தபடியே சிரித்துவிட்டார். தியாகராஜன் முறைத்தான். பிறகு மேசையில் கிடந்த தன் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பாவம், கெட்டவன் இல்லை. தன்னைக் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். குத்துவிளக்குப் படத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"அந்தப் பக்கத்தை எடுத்துக்க. ஆனா அந்தக் காலி இடத்தையெல்லாம் வெட்டிட்டு அவள நடுவுல கொண்டுவா."

"வெட்டமாட்டேன். பிள்ளைங்க தலை இருந்தாத்தான் அவ டீச்சர்."

ரம்லத் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். கோடு போடவில்லை, 'முழுப் படம், முழுப் பக்கம்' என்று எழுதி அடியில் இரண்டு முறை அழுத்திக் கோடிட்டாள்.

மலர் வெளியீட்டன்று கல்லூரி மண்டபத்தில் கூட்டம். வேலாயுதம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பண்டமாரானிலிருந்து வந்திருந்தார். கையில் மலரை வாங்கியதும் நின்ற இடத்திலேயே புரட்டத் தொடங்கினார். சீதா அவர் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ரம்லத் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரே நின்றாள்.

அவர் படங்களைப் பார்க்கிற விதம் அவளுக்கு முதலில் புரியவில்லை. நடுவில் நிற்பவர்களை அவர் கண் தொடவேயில்லை. ஒவ்வொரு படத்திலும் விரலை ஓரத்தில் வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல நகர்த்தினார். இடது ஓரம், பிறகு வலது ஓரம். அடுத்த பக்கம். மறுபடி இடது ஓரம், வலது ஓரம். யானைப் பாடம் வந்தது. அதிலும் இரண்டு ஓரங்களையும் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, முகம் சுருங்காமல் இருக்கப் பாடுபட்டபடி சொன்னார்: "பரவால்ல பாப்பா. புஸ்தகம் நல்லா வந்திருக்கு."

ரம்லத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "அங்கிள், முன்னால திருப்புங்க. இன்னும் முன்னால. அந்தப் பெரிய படம்."

அவர் திருப்பினார். பார்த்தார். மலரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் முழுக்க நீயாம்மா?"

சீதா தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்துத் தியாகராஜன் மாலையும் கழுத்துமாக அந்தப் பக்கம் வந்தான். வேலாயுதம் அவன் யார், எவர் என்று ஒன்றும் தெரியாமல் கையைப் பிடித்து நிறுத்தி, படத்தைக் காட்டினார்.

"தம்பி, இவங்க சீதாலெட்சுமி டீச்சர். என் மக."