பதினோரு இடத்தில் ஏழு மணி

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘எதுக்கும் சார்’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எதை எடுத்தாலும் “எதுக்கும் இன்னொண்ணு இருக்கட்டும்மா” என்பார். வீட்டுச் சாவிக்கே நான்கு மாற்றுச்சாவி வைத்திருந்தார். அதில் ஒன்று தொலைந்ததும் அவர் மனைவி பூட்டையே மாற்றிவிட்டார். மனிதர் மிச்ச மூன்று பழைய சாவிகளோடு வாசலில் நின்றார். அதன் பிறகாவது புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அவரோடு நீங்கள் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் பைதானில் எழுதிய புரோகிராம் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கானது. யாருக்கு எந்த நாற்காலி, எத்தனை மணிக்கு என்பதை அதுதான் முடிவு செய்யும். முதல் நாள் மாலையே நோயாளிகளின் போனுக்கு மெசேஜும் அனுப்பும். மொத்தம் பதினோரு மாட்யூல், அதாவது பதினோரு தனித்தனி ஃபைல். காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு என்ற விவரம் எல்லாவற்றுக்கும் வேண்டும். எதுக்கும் சார் பதினோரு ஃபைலிலும் தன் கையாலேயே ஏழு என்று எழுதிவைத்திருந்தார்.

“சார், கன்ஃபிக்னு ஒரே ஃபைல்ல எழுதிட்டு, மத்ததெல்லாம் அதுலேர்ந்து இம்போர்ட் பண்ணி எடுத்துக்கட்டுமே? மாத்தணும்னா ஒரு இடத்துல மாத்தினா போதும்” என்றேன்.

“அந்த ஒரு ஃபைல் சொதப்பிச்சுன்னா பதினொண்ணும் படுத்துக்கும்மா. அததுக்கு வேண்டியது அததுகிட்டயே இருக்கட்டும்.”

இருபது வருட அனுபவம் பேசுகிறதாம். நான் நேற்று வந்தவள், வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்தான்.

அவருடைய அண்ணன் அந்த மையத்துக்குத்தான் வாரம் மூன்று நாள் போய்க்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். “என் தம்பி எழுதின புரோகிராம்தான் என்னையே கூப்பிடுது” என்று பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் பெருமை அடித்துக்கொள்வாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை, திங்களிலிருந்து காலை ஷிஃப்ட் ஐந்தரைக்கு என்று மையம் அறிவித்தது. எதுக்கும் சார் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து மாற்றிக்கொண்டே வந்தார். பத்தாவது முடிந்ததும் டீ வந்தது. குடித்தார், “எல்லாம் முடிஞ்சுது” என்று மேனேஜரிடம் சொன்னார், கிளம்பிவிட்டார். மிச்சம் இருந்தது மெசேஜ் அனுப்பும் ஃபைல்.

ஞாயிறு மாலை எல்லோருக்கும் ‘ஏழு மணி’ என்று மெசேஜ் போயிற்று. மற்றவர்கள் குழம்பிப்போய் மையத்துக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டார்கள். அண்ணன் கேட்கவில்லை. திங்கள் விடிகாலையில் நர்ஸே போன் செய்து ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார். “ஏம்மா, புரோகிராம் எழுதினது என் தம்பி. அவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?” என்று சண்டை போட்டுவிட்டு, ஏழு மணிக்குத்தான் போயிருக்கிறார். அதற்குள் அவருடைய நாற்காலி வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்தது மதியம் மூன்று மணிக்கு. இரண்டு நாள் இடைவெளியில் கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கியது.

எங்கள் சாருக்குப் போன் வந்தபோது நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். அண்ணன் குரல் எனக்கே கேட்டது.

“டேய், இவங்க என்னவோ அஞ்சரைங்கிறாங்க. நீ ஏழுன்னுதானே அனுப்பின? கொஞ்சம் இவங்களுக்கு எடுத்துச் சொல்லு.”

அந்த ஃபைலைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். அதில் ஏழு அப்படியே இருந்தது.

“அண்ணே… நர்ஸ் சொன்னதுதான் சரி.”

“சரிடா” என்று அண்ணன் போனை வைத்துவிட்டார்.

எதுக்கும் சார் மையத்துக்கு ஓடினார். மூன்று மணி வரை அண்ணனின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் ஒரே கன்ஃபிக் ஃபைல் போட்டு, பதினோரு மாட்யூலும் அதையே இம்போர்ட் செய்யும்படி மாற்றினார். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. இதை முன்பே செய்வதற்கு என்ன கேடாம்?

அன்று மாலை அண்ணனுக்கு மெசேஜ் சரியாகவே போயிற்று. ஐந்தரை மணி. அதைப் படித்துவிட்டு அவர் மையத்துக்குப் போன் போட்டிருக்கிறார்.

“மெசேஜ் வரலையா ஐயா?” என்று கேட்டாராம் நர்ஸ்.

“வந்துச்சும்மா. எதுக்கும் நீங்க ஒரு தடவை சொல்லிடுங்க.”