கண்டக்டர் பத்தாம் வகுப்பு படித்த கதை

கண்டக்டருக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாக ஒரே தடத்தில் டிக்கெட் கொடுக்கிறவர். எண்பது பேர் நெருக்கியடிக்கும் பஸ்ஸில் யார் எந்த ஸ்டாப்பில் ஏறினார்கள், யார் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் தூங்குவதாக நடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் கால் மூட்டுகளுக்கு அந்தப் பெருமையில் பங்கு இல்லை. மாடிப்படி ஏறினால் அவை சத்தம் போட ஆரம்பித்திருந்தன.

டிப்போவில் டைம் கீப்பர் வேலை ஒன்று காலியாகப் போகிறது என்று பேச்சு வந்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆனால் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். இவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எட்டாம் வகுப்பே போதும் என்றிருந்ததால், இவரும் எட்டோடு போதும் என்றிருந்துவிட்டார். ஆக, அறிவுத் தாகம் எடுத்தெல்லாம் அவர் படிக்கப் போகவில்லை. கால் வலி எடுத்துத்தான் போனார்.

நூலகத்து மாடியறையில், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களுக்காக ஒரு டீச்சர் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஐந்து பேர் மிஞ்சினார்கள். கண்டக்டரைத் தவிர, சலூன்காரர் ஒருவர், துணி இஸ்திரி போடும் அக்கா ஒருவர், விடியற்காலையில் ரொட்டி சுடும் பேக்கரிக்காரர் ஒருவர். ஐந்தாவது, இரண்டு வயது இரட்டைக் குழந்தைகளை வைத்திருந்த ஓர் இளம் தாய். அவளை எல்லாரும் ‘ரெட்டை’ என்றே கூப்பிட்டார்கள். அவளும் ஏனென்று கேட்கவில்லை.

பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும்போது மாடியறையின் கூரைப் பூச்சு பெயர்ந்து, நல்ல வேளையாக யாரும் இல்லாத நேரத்தில், கரும்பலகை மேல் விழுந்தது. அறையைப் பூட்டிவிட்டார்கள்.

“வீட்டிலேயே படிங்க. டெஸ்ட் பேப்பர் தபால்ல அனுப்புறேன், எழுதி அனுப்புங்க. சந்தேகம் வந்தா எப்ப வேணா ஃபோன் பண்ணுங்க” என்றார் டீச்சர்.

மூன்று வாரம் யாரும் ஃபோன் பண்ணவில்லை. சந்தேகம் வர வேண்டுமென்றால் முதலில் புத்தகத்தைத் திறக்க வேண்டுமே.

கண்டக்டருக்குக் காலை ஷிஃப்ட். மதியம் ஒரு மணிக்கு டிக்கெட் மெஷினை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஜன்னலோரம் அறிவியல் புத்தகத்தை விரித்து உட்காருவார். உட்கார்ந்த உடனே வீட்டில் செய்யாமல் விட்ட வேலைகளெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். முதல் நாள் ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றினார். மறுநாள் அலமாரிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார். மூன்றாம் நாள் வீட்டிலிருந்த பென்சில்கள் அத்தனையையும் சீவினார்.

“மூணு வருஷமா அந்தக் குழாயைப் பத்திச் சொல்லிட்டு இருக்கேன். நீங்க படிக்க ஆரம்பிச்சதும்தான் வேலை நடக்குது. தினமும் படிங்க” என்றாள் மனைவி.

எட்டாவது படிக்கிற மகள் அப்படி விடுகிறவள் இல்லை. “அப்பா, அரை மணி நேரமா ஒரே பக்கத்துல இருக்கீங்க.”

“ஆழமா படிக்கிறேன்.”

“கண்ணை மூடிக்கிட்டா?”

மானம் போயிற்று. தனக்கு மட்டும்தான் இப்படியா என்று தெரிந்துகொள்ள, சலூன்காரருக்கு ஃபோன் போட்டார்.

“புத்தகமா? பத்திரமா இருக்குண்ணே. சின்னப் பசங்களுக்கு முடி வெட்டறப்ப சீட்டு உயரம் பத்தலை. மேல போட்டு உட்கார வைக்கிறேன்.”

“எந்தப் புத்தகம்?”

“சமூக அறிவியல். அதுதான் தடிமன்.”

இஸ்திரி அக்காவின் கணக்குப் புத்தகத்து அட்டையில் இஸ்திரிப் பெட்டியின் முக்கோணம் பதிந்திருந்தது. பேக்கரிக்காரர், “படிக்கணும்னுதான் படுத்தேன்” என்று ஆரம்பித்தார். மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ரெட்டை சொன்னதுதான் எல்லாவற்றிலும் உருப்படியான காரணம்: “முதல் பாடம் போச்சுண்ணா. ஒருத்தன் கிழிச்சான், ஒருத்தி தின்னுட்டா.”

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. பன்னிரண்டு ஐந்தானதைப் பார்த்தவர் அவர். ஐந்து பூஜ்யமாக எத்தனை நாள் ஆகும்? மறுநாள் எல்லாருக்கும் செய்தி அனுப்பினார். பிற்பகல் மூன்று மணி. ஐந்து பேரும் ஒரே அழைப்பில் வர வேண்டும். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது.

“பேசாம இருக்கறதுக்கு எதுக்குண்ணே ஃபோனு?” என்றார் சலூன்காரர்.

“நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும். நான் இருக்கேன்னு உங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான்.”

முதல் நாள் ஐந்து பேரையும் ஒன்று சேர்க்கவே கால் மணி நேரம் போயிற்று. ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே போனார். கடைசியில் எல்லாரும் சேர்ந்ததும் கண்டக்டர், கை தன்பாட்டில் பையைத் துழாவ, விசிலை எடுத்து ஊதிவிட்டார். ரெட்டை வீட்டில் இரண்டு குழந்தைகளும் ஒரே சுருதியில் அழுதன. சலூனில் யாரோ “ஐயோ காது!” என்று அலறினார்கள். காதுக்கு ஒன்றுமில்லை, கத்தரி தள்ளித்தான் இருந்தது என்று சலூன்காரர் உறுதி சொன்ன பிறகே படிப்பு தொடங்கியது. விசிலுக்கு அன்றே தடை விதிக்கப்பட்டது.

அதன் பிறகு நடந்ததைக் கண்டக்டர் எதிர்பார்க்கவில்லை. கத்தரி சத்தம் கேட்டது. ஈரத் துணியில் பெட்டி படும்போது எழுகிற ‘உஸ்’ கேட்டது. எங்கோ ஒரு தாள் புரண்டது. நாலு பேர் படிக்கும்போது தான் மட்டும் குழாயைப் பார்க்கப் போவதற்கு வெட்கமாக இருந்தது. ஒளி விலகல் பாடத்தில் முதல் தடவையாக மூன்றாம் பக்கத்தைத் தொட்டார்.

அரை மணி நேரத்தில் நாலாவதாக ஒரு சத்தமும் சேர்ந்தது.

“யாரோ குறட்டை விடறாங்க” என்று கிசுகிசுத்தார் அக்கா.

கண்டக்டர் ஃபோனருகே குனிந்து பஸ் குரலில், “கடைசி ஸ்டாப்! எல்லாரும் இறங்குங்க!” என்றார்.

“இறங்கறேன், இறங்கறேன்!” என்று பேக்கரிக்காரர் எழுந்த வேகத்தில் அங்கே ஏதோ பாத்திரம் உருண்டது.

ஒரு வாரத்தில் இன்னொரு வழக்கமும் வந்தது. கடைசிப் பத்து நிமிடம் பேசலாம்; ஆளுக்கு ஒன்று, அன்றைக்குப் படித்ததைச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் இடம் வலம் மாறுவதைச் சலூன்காரர் சொன்னதுபோல் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நீராவியைப் பற்றி அக்காவிடம் யாரும் வாதாட முடியவில்லை. நாலைந்து நாளில் சலூன் வாடிக்கையாளர்களும் கலந்துகொண்டார்கள். பாதி சவரத்தில் இருந்த ஒருவர், முகமெல்லாம் நுரையோடு, “தலைநகரத்தைத் தப்பா சொல்றீங்க” என்று திருத்தினார்.

இப்படி ஒரு மாதம் ஓடியது. திருத்திய டெஸ்ட் பேப்பர்கள் தபாலில் திரும்பி வந்தன. அன்று மூன்று மணிக்கு ரெட்டை வரவில்லை. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தார்கள். மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

“நாம ஏதாவது மனசு நோகற மாதிரி சொல்லிட்டோமா?” என்றார் அக்கா. அன்று யாருக்கும் பாடம் மண்டையில் ஏறவில்லை.

ஐந்தாம் நாள் அவள் கணவன் ஃபோனை எடுத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான். “பேப்பர் வந்ததுலேர்ந்து யார்கிட்டயும் பேச மாட்டேங்கறா சார். புத்தகத்தையெல்லாம் அலமாரி மேல தூக்கிப் போட்டுட்டா. கணக்குல பதினொண்ணு.”

“நூத்துக்கா?”

“நூத்துக்கு.”

கண்டக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மகள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “அப்படியா! தம்பி, ஒரு உதவி பண்ணுங்க. மூணு மணிக்கு ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு அவங்க பக்கத்துல வெச்சுடுங்க. அவங்க பேசவே வேண்டாம்.”

மூன்று மணிக்கு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இன்னிக்குப் படிப்பு இல்லை. எல்லாரும் அவங்கவங்க பேப்பரை வாசிக்கணும். நானே ஆரம்பிக்கிறேன். கணக்கு. நூத்துக்கு ஒன்பது.”

சலூனில் கத்தரி நின்றது.

“கேள்வி: ஒரு குழாய் ஒரு தொட்டியை ஆறு மணி நேரத்துல நிரப்பும். இன்னொரு குழாய் அதை எட்டு மணி நேரத்துல காலி பண்ணும். ரெண்டையும் திறந்து வெச்சா தொட்டி எப்ப நிறையும்? என் பதில்: ரெண்டாவது குழாயை மூடினால் ஆறு மணி நேரத்தில் நிறையும். டீச்சர் எழுதியிருக்காங்க: நல்ல யோசனை. மதிப்பெண் இல்லை.”

சலூன்காரர் வெடித்துச் சிரித்தார். பிறகு தன்னுடையதை எடுத்தார். புரட்சிக்கான காரணங்கள் யாவை என்ற கேள்விக்கு, ‘மக்களுக்குப் பொறுமை போய்விட்டது’ என்று ஒரே வரி எழுதி அரை மதிப்பெண் வாங்கியிருந்தார். பேக்கரிக்காரரின் பேப்பரில் இரண்டாம் பக்கத்து நடு வாக்கியம் அப்படியே கோடாகி, சரிந்து, காகிதத்தின் அடிவரை போயிருந்தது. கோடு முடிந்த இடத்தில் டீச்சர் ‘காலை வணக்கம்’ என்று எழுதியிருந்தார்.

“எனக்கு... நாப்பத்திரண்டு. தெரியாம வந்துருச்சு, மன்னிச்சுக்குங்க” என்றார் அக்கா.

அப்போதுதான் அந்த ஐந்தாவது முனையில் ஏதோ கேட்டது. முதலில் அழுகையோ என்று கண்டக்டர் பயந்தார். சிரிப்புதான். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வெளியேறிய சிரிப்பு.

“அண்ணா, இருபத்து நாலு மணி நேரம்” என்றாள் ரெட்டை.

“எது?”

“தொட்டி நிறைய. பேப்பர் வந்த அன்னிக்கே மறுபடி போட்டுப் பார்த்தேன், வந்துருச்சு. அதான் அழுகையே வந்துச்சு. கேட்டப்ப வராம, எல்லாம் முடிஞ்சதும் வருதேன்னு.”

“எப்படி வந்துச்சு? எனக்குச் சொல்லுங்க.”

“தொட்டியில இருபத்து நாலு குடம் பிடிக்கும்னு வெச்சுக்குங்க. மணிக்கு நாலு குடம் உள்ள வருது, மூணு குடம் வெளிய போகுது. மிச்சம்?”

கண்டக்டர் நிமிர்ந்தார். “ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நாலு பேர் ஏறி மூணு பேர் இறங்கற மாதிரி! இருபத்து நாலு சீட்டும் நிரம்ப இருபத்து நாலு ஸ்டாப் ஆகும்!”

“தினமும் இதைத்தானே பண்றீங்க? அப்புறம் எப்படிண்ணா ஒன்பது வாங்கினீங்க?”

மறுநாளிலிருந்து கடைசிப் பத்து நிமிடம் கணக்குக்கு என்றானது, நடத்துகிறவள் ரெட்டை. ஒரு குழந்தை மடியிலும் ஒன்று தோளிலுமாக அவள் சமன்பாடுகளைப் பிரித்துப் போடுவது மற்ற நாலு வீடுகளுக்கும் கேட்டது.

பரீட்சை வந்தது, முடிந்தது, முடிவும் வந்தது. அக்கா எல்லாப் பாடத்திலும் தேறினார். சலூன்காரர் தேறினார். பேக்கரிக்காரர் இரண்டு பாடங்களில் சரியாக முப்பத்தைந்து வாங்கி, ஒன்றுகூட வீணாக்கவில்லை என்று சொல்லிக்கொண்டார். ரெட்டைக்குக் கணக்கில் எழுபத்தொன்று.

கண்டக்டர் நாலு பாடம் தேறினார். கணக்கில் முப்பத்தொன்று. நாலு மதிப்பெண் குறைவு.

எல்லாரையும் மனதார வாழ்த்தினார். வாழ்த்திவிட்டு ஃபோனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். மனைவி டீ வைத்துவிட்டுப் போனாள். மகள்கூட அன்று கிண்டல் பண்ணவில்லை. அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

மூன்று மணிக்கு ஃபோன் அடித்தது.

“அண்ணா, கணக்குப் புத்தகத்தை எடுங்க. மறுதேர்வு மூணு மாசத்துல” என்றாள் ரெட்டை.

“நீங்கதான் எல்லாரும் பாஸாயிட்டீங்களேம்மா. உங்களுக்கு இனிமே எதுக்கு இது?”

அக்காவின் குரல் குறுக்கே வந்தது. “எனக்கு நாப்பது சட்டை கிடக்கு. எங்க தேய்ச்சா என்ன, இங்கயே தேய்க்கறேன்.”

“பேசாதீங்கண்ணே. ஒரு மணி நேரம் பேசக் கூடாதுன்னு யாரு சொன்னது?” என்றார் சலூன்காரர்.

பேக்கரிக்காரர் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு நிமிடத்தில் அவர் குறட்டை வந்தது. தேறிய ஆள் என்பதால் யாரும் எழுப்பவில்லை. கண்டக்டர் புத்தகத்தை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது; எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கணக்கைப் போட்டார்.

மூன்று மாதமும் ஒருவரும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. மறுதேர்வில் அவருக்கு ஐம்பத்திரண்டு. டைம் கீப்பர் வேலையும் வந்தது. மூட்டுகள் அமைதியாயின.

நூலகத்து மாடியறைக்குப் புதுக் கூரை போட்டு வகுப்பைத் திறந்தபோது பதினெட்டு பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். வீட்டிலிருந்தே படித்துத் தேறியவர் என்று டீச்சர் கண்டக்டரைப் பேசக் கூப்பிட்டார். அவர் இரண்டு பக்கம் எழுதி, மகளிடம் பிழை திருத்தி வாங்கிக்கொண்டு போனார். முன்னால் போய் நின்றதும் எழுதியது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் இப்போதே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு அறிவுரையெல்லாம் சொல்லத் தெரியாது” என்றார். “பக்கத்துல உட்கார்ந்திருக்காங்களே, அவங்க ஃபோன் நம்பரை வாங்கிக்குங்க. இப்பவே.”

பதினெட்டு பேரும் ஒரே நேரத்தில் பையையும் பாக்கெட்டையும் துழாவினார்கள். எண்களைச் சத்தமாகச் சொல்லி, தப்பாகக் கேட்டு, திரும்பச் சொல்லி, சரிதானா என்று அங்கேயே அடித்துப் பார்த்தார்கள். அறை முழுக்க விதவிதமாக மணி அடித்தது. அன்று டீச்சரால் ஒரு பாடமும் நடத்த முடியவில்லை.